மணப்பாட்டு ஊதா நண்டு எந்த இனம்? (சங்கு நண்டு அடையாளம் பற்றிய இழை)

பாளைவாசகி | 18 மே 2024, இரவு 9:12

லீவுக்கு மணப்பாடு போயிருந்தோம். ராத்திரி உடைமரத்தடியில் இருந்து பையன் ஒரு சங்கு நண்டைப் பிடித்து, எனக்குத் தெரியாமல் டிபன் டப்பாவில் போட்டு பாளையங்கோட்டை வரை கொண்டுவந்துவிட்டான். பெரிய கொடுக்கு ஊதா நிறம். யூடியூபில் தேடினால் 'பர்பிள் பின்சர்' என்று வருகிறது, கரீபியன் தீவு இனமாம். அது நம்ம கரைக்கு எப்படி வந்தது? படம் போட்டிருக்கிறேன். என்ன இனம், என்ன தின்னும், யாராவது சொல்லுங்கள்.

தேரிமணல் | 18 மே, இரவு 9:51

படத்தில் தெரிவது சங்கு. நண்டு எங்கே?

இந்தப் பக்கத்தில் சங்கு நண்டு என்று வருகிற பத்துப் படத்தில் எட்டுப் படம் இப்படித்தான். குடியிருக்கிற வீட்டைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு ஆள் யார் என்று கேட்கிறது. ஒரே இனம் இன்றைக்கு நத்தைக் கூட்டில் இருக்கும், வளர்ந்தால் வேறு கூட்டுக்கு மாறும். கரையில் என்ன ஒதுங்குகிறதோ அதுதான் அதன் வீடு. கூட்டை வைத்து இனம் சொல்லுகிறவன் பேச்சை நம்பாதீங்க.

ஊதா நிறத்தையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்க. நான்கு படம் வேணும். இடக் கொடுக்கின் வெளிப்பக்கம், மேல்விளிம்பு தெளிவாக. கண்ணைப் பக்கவாட்டில். முகத்தை நேர் எதிரில், மீசை நுனி தெரிய. இடப்பக்கத்து இரண்டாவது நடைக்காலின் வெளிப்பக்கம். தட்டில் வைத்துவிட்டு ஆள் அசையாமல் உட்கார்ந்தால் தானாக வெளியே வரும். லைட்டை நேராக அடிக்காதீங்க.

தேரிமணல் | 18 மே, இரவு 10:04

முக்கியமானதை விட்டுட்டேன். இழுக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் இழுக்கக் கூடாது. பின்னுடம்பு ஓடில்லாத வெறும் தசை. அதன் கடைசியில் இருக்கிற சொரசொரத்த உறுப்பால் சங்கின் நடுத்தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும். பிய்ந்துபோனாலும் பிடியை விடாது. பையனிடம் சொல்லிவையுங்க.

இது தரை நண்டு, அதாவது கடலுக்கு வெளியே கரையில் வாழ்கிற சங்கு நண்டு என்றால் (உடைமரத்தடியில் கிடைத்தது என்பதால் அப்படித்தான் இருக்கும்) வாளித் தண்ணீரில் முக்கினால் செத்துப்போகும். செவுள் ஈரமாக இருக்கணும், அவ்வளவுதான். கூட்டுக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும். ஒரு தட்டில் கடல் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர், இரண்டும் ஆழமில்லாமல். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, கிணற்றுத் தண்ணீர் நல்லது. தேங்காய்த் துண்டு, பழம், மீன் துணுக்கு எது போட்டாலும் தின்னும். நாளை மறுநாளுக்குள் திரும்பக் கொண்டுபோய் விடுகிற யோசனையோடு வைத்திருங்க.

ஓய்வு_வாத்தியார் | 19 மே, காலை 7:20

பாடப்புத்தகத்தில் துறவி நண்டு (சங்கு நண்டுக்கு அங்கே அதுதான் பெயர்), கடல் சாமந்தி, கூட்டு வாழ்க்கை என்று ஒரு பக்கம் உண்டு. முப்பது வருஷம் அதை நடத்தியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு படம்தான். இத்தனை இனம் இருக்கிறது என்று நானே பிள்ளைகளிடம் சொன்னதில்லை. வகை பிரிக்க எங்கே தொடங்குவது?

தேரிமணல் | 19 மே, காலை 11:35

சார், தொடங்க வேண்டியது காலை எண்ணுவதில். சாதாரண நண்டுக்குக் கொடுக்கு போக நான்கு ஜோடிக் கால் வெளியே தெரியும். சங்கு நண்டுக்குக் கொடுக்கு போக இரண்டு ஜோடிதான் தெரியும். மீதி இரண்டு ஜோடி சிறுத்து உள்ளே கிடக்கும், ஒன்று கூட்டைப் பிடிக்க, ஒன்று செவுளைத் துடைக்க. மொத்தம் பத்துதான், பாடப்புத்தகம் சொன்னது பொய்யில்லை.

அடுத்து எந்தக் கொடுக்கு பெரிசு. நம்ம கரையில் மேலோட்டமான தண்ணீரிலும் மணலிலும் கையில் சிக்குகிறது பெரும்பாலும் இடது பெரிசான வகை, இல்லையென்றால் இரண்டும் ஏறக்குறைய சமம். வலது பெரிசானது பகூரஸ் கூட்டம். குளிர்ந்த கடலிலும் ஆழத்திலும் அது நிறைய, நம்ம கரையோரத்தில் அபூர்வம். ஐரோப்பியப் புத்தகப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே தேடுகிறவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள்.

இரண்டும் சமமாக இருந்து, விரல் நுனி கறுப்பாக இருந்தால் கிளிபனேரியஸ். கழிமுகத்துச் சேற்றில், பாறை இடுக்கில் கூட்டம் கூட்டமாகக் கிடக்கிறது அதுதான்.

இடது பெரிசு என்றால் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். கண்காம்பு தட்டையாக அமுங்கி, மீசையில் உள்பக்கத்துச் சின்ன ஜோடியின் நுனி மழுங்கி இருந்தால் தரை நண்டு, சீனோபிட்டா. கண்காம்பு இரண்டுக்கும் நடுவே ஊசி மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு, தொட்டால் அசைகிறதாக இருந்தால் டயோஜெனிஸ். கொடுக்கு வழவழப்பு, விரல் நுனி வெள்ளை என்றால் கால்சினஸ். உடம்பெல்லாம் மயிர், ஆள் பெரிசு, விரல் நுனி கறுப்பு என்றால் டார்டானஸ்.

இது பேரினம் வரை போகிற வழி. அதற்குக் கீழே இறங்கினால்தான் தலைவலி.

கூத்தங்குழி_தம்பி | 19 மே, மதியம் 1:10

அண்ணாச்சி, வலையில மாட்டுத எல்லாம் ஒரே சாதிதான். சவம் வலையையும் கிழிச்சிட்டுப் போவும். இதுல என்ன பிரிக்கதுக்கு இருக்கு? நாங்க எடுத்து எறிஞ்சிருவோம்.

தேரிமணல் | 19 மே, மதியம் 1:32

ஏல தம்பி, வலையைக் கிழிக்கிறவன் எவன்னு தெரிஞ்சா திட்டுறதுக்காவது பேர் சொல்லித் திட்டலாம்லா. அடுத்த தடவை எறியும்போது இடக் கொடுக்கைப் பார்த்துட்டு எறி. மணல் பாட்டுல போட்ட வலைக்கும் பார் (கடலடிப் பாறை) பக்கம் போட்ட வலைக்கும் ஒரே நண்டா வருதுன்னு பார்த்துச் சொல்லு.

கூத்தங்குழி_தம்பி | 19 மே, மதியம் 1:40

பாருல மாட்டுதது செவப்பு, புள்ளி போட்டது. மணல்ல மாட்டுதது பொடிசு. ஆமா, வேற வேறதான். போங்க அண்ணாச்சி, இனிமே வலை எடுக்கையில எனக்கு இது ஒரு வேலை.

பாளைவாசகி | 21 மே, மாலை 6:45

படங்கள் இதோ. பையன் இரண்டு மணி நேரம் தரையில் குப்புறப் படுத்து எடுத்தது. கண் படம் மட்டும் கொஞ்சம் மங்கல்.

தேரிமணல் | 21 மே, இரவு 8:30

பையனுக்கு என் வணக்கம். கண் படம் மங்கல் இல்லை, போதும்.

கரீபியன் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். 'பர்பிள் பின்சர்' என்று வீடியோவில் காட்டுகிறது சீனோபிட்டா கிளிப்பியேட்டஸ். ஃப்ளோரிடாவின் தென்முனை, கரீபியன் தீவுகள், அதுதான் அதற்கு ஊர். அமெரிக்காவில் செல்லப்பிராணிக் கடையில் அதிகம் விற்கிறது அதுவே, அதனால் இணையத்தில் ஊதாக் கொடுக்கு என்று தட்டினால் அதுதான் முன்னே வந்து நிற்கும். அதுவும் சீனோபிட்டாதான் என்றாலும் அதன் கண்காம்பு உருண்டை, கண்ணும் உருண்டை. உங்கள் நண்டைப் பாருங்க. காம்பு பக்கவாட்டில் அமுங்கி, கண் நீளவாக்கில் இழுத்துவிட்டது போல இருக்கிறது. காம்பின் அடிப்பக்கத்தில் கறுத்த பட்டை. கிளிப்பியேட்டஸ் இல்லவே இல்லை.

மீசை நுனி மழுங்கல். சீனோபிட்டா என்பதில் சந்தேகமில்லை.

நம்ம கரையில் சீனோபிட்டா என்றால் எனக்கு முதலில் வருகிற பெயர் இரண்டு. ருகோசஸ், கேவிப்பஸ். முன்னதற்கு மில்னே எட்வர்ட்ஸ் 1837-இல் பெயர் வைத்தார், பின்னதற்கு ஸ்டிம்ப்சன் 1858-இல். இரண்டையும் பிரிக்க இடக் கொடுக்கின் வெளிப்பக்கத்து மேல்விளிம்பைப் பார்க்கணும். ருகோசஸில் அங்கே சாய்ந்த சிறு மேடுகள் வரிசையாக, தையல் போட்டாற்போல இருக்கும். கேவிப்பஸில் அந்த வரிசை கிடையாது, வெறும் குருணைதான்.

பையன் எடுத்த மூன்றாவது படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, சாய்வாக ஒன்றன் பக்கத்தில் ஒன்று. அந்த வரிசை இருக்கிறது. ஆக சீனோபிட்டா ருகோசஸ். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இருக்கிற ஆள். வந்தேறி கிடையாது, நமக்கு முந்தியே மணப்பாட்டில் குடியிருக்கிறவன்.

நிறத்தில் ருகோசஸ் மாதிரி ஏமாற்றுகிறது வேறில்லை. வெள்ளை, சாம்பல், மண் நிறம், இளஞ்சிவப்பு, நீலம் கலந்தது என்று ஒரே கரையில் அத்தனையும் பார்க்கலாம். உவரியில் நான் பார்த்ததில் பாதி மணல் நிறம். உங்களுடையது ஊதா. இரண்டும் ஒன்றுதான்.

ஓய்வு_வாத்தியார் | 21 மே, இரவு 9:15

அந்த வரிசை எதற்கு?

தேரிமணல் | 21 மே, இரவு 9:22

தரை நண்டு கோபம் வந்தால் கீச்சென்று சத்தம் போடும் சார். உரசிச் சத்தம் எழுப்புகிற உறுப்பு இது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். எதை எதோடு உரசுகிறது என்று கண்ணால் பார்த்ததில்லை.

தேரிமணல் | 22 மே, காலை 6:10

ராத்திரி படுத்த பிறகு யோசனை. நிறத்தை ஓரமாக வையுங்க என்று எழுதினது தரை நண்டுக்குச் சரி. கடல் நண்டுக்கு அப்படியே பொருத்தினால் தப்பாகப் போகும்.

கால்சினஸை எடுத்துக்கொள்ளுங்க. அதில் பக்கத்துப் பக்கத்து இனங்களை உருவத்தை வைத்துப் பிரிப்பது பெரும்பாடு. உயிரோடு இருக்கையில் கண்காம்பின் நிறமும் கால் பட்டையும் சட்டென்று சொல்லிவிடும். கால்சினஸ் லீவிமேனஸுக்கு இடக் கொடுக்கு பெருத்து வழவழவென்று பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும், கண்காம்பில் ஆரஞ்சும் நீலமும். டார்டானஸ் மெகிஸ்டோஸுக்குச் சிவப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, புள்ளியைச் சுற்றிக் கறுப்பு வளையம். கூத்தங்குழித் தம்பி சொன்ன செவப்பு அதுவாக இருக்கலாம். கிளிபனேரியஸில் காலில் ஓடுகிற கோடுதான் முதல் துப்பு.

ஆக நிறத்தின் சாயலை நம்பக் கூடாது, நிறம் எந்த இடத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை நம்பலாம். கோடு, புள்ளி, வளையம், நுனி. ஊதாவா நீலமா என்பது தோலுரித்து எத்தனை நாள் ஆச்சு, என்ன தின்கிறது என்பதைப் பொறுத்து மாறும். காலின் நீளவாக்கில் ஓடுகிற கோடு குறுக்குக் கோடாக மாறாது.

பழைய வகைப்பாட்டு நூல்களில் நிறம் ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ஆல்காக் 1905-இல் இந்தியச் சங்கு நண்டுகளைத் தொகுத்தது கல்கத்தா அருங்காட்சியகத்துச் சேகரிப்பை வைத்து. சாராயத்தில் கிடந்த நண்டு வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துவிடும். நான் படித்த கல்லூரியிலும் ஜாடி ஜாடியாக அப்படித்தான் இருந்தது, லேபிளை மாற்றி ஒட்டினால் பேராசிரியரே கண்டுபிடிக்க மாட்டார். நிறம் போன பிறகு மிச்சமிருக்கிறது முள், குருணை, மயிர், நீள அளவு. அதனால் அதை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார்கள். நமக்குக் கையில் கேமரா இருக்கிறது, ஆனால் குருணையைப் பார்க்கிற பொறுமை போய்விட்டது.

கூத்தங்குழி_தம்பி | 22 மே, காலை 8:02

அண்ணாச்சி ராத்திரி தூங்காம நண்டை நெனச்சிட்டுக் கெடந்திருக்காரு. கோட்டிதான் புடிச்சிருக்கு.

தேரிமணல் | 25 மே, மாலை 5:40

புன்னக்காயல் போய்விட்டு வந்தேன். தாமிரபரணி கடலில் சேருகிற இடம், அலையாத்திச் செடிக்கு அடியில் சேறு. இழுவைத் தண்ணீர் வடிந்த நேரம். குச்சி குச்சியான சேற்று நத்தைக் கூடுகள் ஆயிரக்கணக்கில். குனிந்து பார்த்தால் நத்தை நகருகிற வேகத்தில் இல்லை, சில கூடுகள் ஓடுகின்றன. அத்தனையும் கிளிபனேரியஸ்.

கையில் எடுத்ததில் நடைக்கால் நெடுக நீலக் கோடு. கடைசிக் கணு, அதாவது நகத்தோடு முடிகிற துண்டு, அதற்கு முந்தின கணுவைவிட நீளம். இந்த இரண்டும் சேர்ந்தால் கிளிபனேரியஸ் லாங்கிடார்சஸ். கோட்டை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீங்க, கோடு போட்ட கிளிபனேரியஸ் இன்னும் உண்டு. இன்ஃப்ராஸ்பினேட்டஸுக்கும் காலில் கோடு ஓடும். கணு நீளத்தை அளந்துதான் ஆகணும். கையில் ஸ்கேல் இல்லையென்றால் காலை மடித்த நிலையில் படம் எடுத்து அப்புறம் திரையில் அளக்கலாம்.

இதே சேற்றில் கோடில்லாத, பச்சை கலந்த பழுப்பாக ஒன்றும் கிடந்தது. படாவென்சிஸ் என்று சந்தேகம். அதுவும் கழிமுகத்து ஆள்தான். படம் சரியில்லை, பெயரை எழுதி வைக்கவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டின வெள்ளம். ஆறு முழுக்க நல்ல தண்ணீராக ஓடி, சேற்றுப் பரப்பே இடம் மாறிப்போயிருக்கிறது. பழைய ஓடையைக் காணவில்லை. நண்டு திரும்ப வந்திருக்கிறது. குஞ்சு பருவத்தில் கடலில் மிதந்து திரிகிற உயிர் என்பதால் ஓர் இடம் அழிந்தாலும் அலை கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது போல. அந்த மிதக்கிற பருவம் முடிந்ததும் அரிசி அளவுக் கூடு தேடணும், அதற்குப் பொடி நத்தை செத்துக் கிடக்கணும். வெள்ளத்தில் செத்த நத்தைகளுக்குப் பஞ்சமிருந்திருக்காது.

ஓய்வு_வாத்தியார் | 26 மே, காலை 9:00

என் மைத்துனர் ஒருவர் தென்னை ஏறுகிற நண்டைக் கன்னியாகுமரிப் பக்கம் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார். தேங்காய் உடைக்குமாம். உண்மையா?

தேரிமணல் | 26 மே, காலை 9:25

மைத்துனர் என்பதால் மரியாதையாகவே சொல்லுதேன் சார். தேங்காய் நண்டு, பிர்கஸ் லாட்ரோ, இந்தியாவில் இருப்பது அந்தமான் நிக்கோபார் தீவுகளில். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர். நான்கு கிலோ வரை வளரும். குஞ்சில் சங்கு சுமக்கும், அப்புறம் பின்னுடம்பு கெட்டியாகிச் சங்கைத் தூக்கிப் போட்டுவிடும். அதுவும் சங்கு நண்டுக் குடும்பம்தான், தரை நண்டுக்குப் பெரியப்பா முறை.

அவர் பார்த்தது தாழம்புதரிலோ வேலிச் செடியிலோ ஏறின சாதாரணத் தரை நண்டாக இருக்கும். அது நன்றாகவே ஏறும். சங்கு இருந்ததா இல்லையா என்று மட்டும் கேளுங்க. இருந்தது என்றால் வழக்கு முடிந்தது. இல்லை என்று சொன்னால் எந்த நேரத்தில் பார்த்தார் என்று கேளுங்க.

ஓய்வு_வாத்தியார் | 26 மே, காலை 10:10

சங்கு இருந்ததாம். கேட்டதற்கு என்னோடு கோபம்.

பாளைவாசகி | 27 மே, இரவு 8:15

இரண்டு நாளில் விடுங்கள் என்றீர்கள், வேலையில் போக முடியவில்லை. மணல் போட்ட தொட்டியில் வைத்திருந்தோம். நேற்றிலிருந்து நண்டைக் காணோம். மணலுக்குள் புதைந்திருக்கிறது. பையன் அழுகிறான். செத்துவிட்டதா? தோண்டலாமா?

தேரிமணல் | 27 மே, இரவு 8:19

தோண்டாதீங்க தங்கச்சி. தோலுரிக்கப் போயிருக்கலாம். உரிக்கும்போது உடம்பெல்லாம் மெத்தென்று இருக்கும், அப்போது தொந்தரவு செய்தால் செத்தே போகும். உரித்த தோலைத் தானே தின்று சுண்ணாம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சின்ன ஆளுக்கு வாரக்கணக்கு, பெரிய ஆளுக்கு மாதக்கணக்குகூட ஆகும். மணலில் ஈரம் காயாமல் மட்டும் பாருங்க. அழுகின மீன் வாடை வந்தால் மட்டும் கவலைப்படணும்.

ஒன்று சேர்த்துச் சொல்லணும். உரித்துவிட்டு வெளியே வரும்போது அந்த ஊதா வேறு மாதிரி இருக்கலாம். மேலே வந்ததும் பையனை அதே மூன்றாவது படத்தை அதே கோணத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்க. வரிசை அங்கேயே இருக்கும்.

தேரிமணல் | 3 ஜூன், மாலை 7:05

நண்டு இன்னும் மணலுக்குள்ளே. அதுவரை வேறு கதை.

திருச்செந்தூர்க் கடற்கரையில், கூட்டம் குளிக்கிற இடத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால், மாலையில் தரை நண்டு வெளியே வரும். அதில் ஒன்று மருந்துக் குப்பி மூடியைச் சுமந்துகொண்டு போனது. வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே உடம்பு முக்கால் பாகம்தான் கொண்டது.

2024 தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வில், சனங்கள் இணையத்தில் போட்ட படங்களை மட்டும் தேடி எடுத்து, செயற்கைக் கூட்டில் இருக்கிற தரை நண்டுகள் 386-ஐ எண்ணியிருக்கிறார்கள். உலகில் உள்ள 16 தரை இனங்களில் 10 இனத்தில் இது நடக்கிறது. பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடி. நம்மைப் போல் போகிற போக்கில் படம் எடுத்தவர்கள் போட்டதுதான் அத்தனையும். இனத்தையும் படத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். மூடிக்குள் இருந்தால் கொடுக்கை உள்ளிழுக்க முடியாது, அதனால் படம் தெளிவாக வந்திருக்கும் என்பது என் குசும்பு.

கரையில் சங்கு பொறுக்கி வீட்டு ஷோகேஸில் வைக்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நானும் சின்ன வயதில் பொறுக்கினவன்தான், உபதேசம் செய்யவில்லை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காத் தீவுகளில் பொறுக்குவது சட்டப்படி குற்றம், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2001-இல் சில சங்கு வகைகளும் வனவிலங்குச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

கூத்தங்குழி_தம்பி | 3 ஜூன், இரவு 8:30

வலம்புரிச் சங்குக்குள்ள நண்டு இருந்தா என்ன செய்யணும் அண்ணாச்சி?

தேரிமணல் | 3 ஜூன், இரவு 8:41

எனக்குப் போன் பண்ணணும். வேற யாருக்கும் பண்ணப்படாது.

கேலிக்கு வெளியே, அது நல்ல கேள்விதான். சங்கு நண்டின் பின்னுடம்பு ஒரு பக்கமாகத்தான் முறுக்கியிருக்கும், நாம் தினமும் பார்க்கிற சாதாரணச் சங்கின் சுழிக்குப் பொருந்துகிற மாதிரி. வலம்புரியில் சுழி எதிர்ப்பக்கம். அதில் போய் உட்கார்ந்தால் ஆளுக்குச் சௌகரியம் இருக்காது. வேறு வழியில்லை என்றால் மருந்து மூடியிலேயே உட்காருகிறவன் அதிலும் உட்காருவான்.

கூத்தங்குழி_தம்பி | 21 ஜூன், காலை 10:50

தடைக்காலம் முடிஞ்சி தூத்துக்குடி விசைப்படகுல கடலுக்குப் போயிருந்தேன். கழிசல்ல ஒரு கூடை நண்டு. ரெண்டு மூணு சங்கு மேல கடல் சாமந்தி ஒட்டியிருந்திச்சி, வாத்தியார் புத்தகத்துல உள்ளது மாதிரியே. ஆனா விசயம் அது இல்ல. ஒரு பொடி நண்டுக்கு வலது கொடுக்கு பெருசு! அண்ணாச்சி அபூர்வம்னு சொன்னது. படம் போட்டிருக்கேன். பேர் வைங்க.

தேரிமணல் | 21 ஜூன், காலை 11:30

சாமந்தியைச் சுமந்தது டார்டானஸாக இருக்கும். கூடு மாறும்போது சாமந்தியையும் பழைய கூட்டிலிருந்து தட்டித் தட்டிக் கிளப்பி, புதுக் கூட்டில் ஏற்றிக்கொள்ளும் இனங்கள் அதில் உண்டு. அதையும் ஒரு படம் எடுத்திருக்கலாம்லா.

வலது பெரிசுக்கு வருவோம். படத்தைப் பார்த்ததும் எனக்கும் பகூரஸ் என்றுதான் வாய் வரை வந்தது. மேற்குக் கரையிலிருந்து பகூரஸ் குல்கர்ணி என்று 1961-இல் சங்கொல்லி விவரித்த இனம் ஒன்று இருக்கிறது, ஆகவே இந்தியக் கரையில் பகூரஸே கிடையாது என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் இடக் கொடுக்கைப் பார். சிறிசு மட்டும் இல்லை, வெளிறி, குருணையே இல்லாமல் இளசாக இருக்கு. வலது கொடுக்கு நல்ல முரடு. சண்டையிலோ வலையிலோ இடதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுசு முளைத்துக்கொண்டிருக்கிற ஆளாக இருந்தால்? ஒவ்வொரு தோலுரிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெரிசாகும். நடுவில் பார்க்கிறவனுக்கு வலதுகைக்காரனாகத் தெரியும். கொடுக்கு அளவை முதல் அடையாளமாக வாத்தியாருக்கு எழுதிக் கொடுத்தேன். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளணும் சார்: இரண்டு கொடுக்கும் ஒரே வயசா என்று பார்த்த பிறகுதான் எது பெரிசு என்று பார்க்கணும்.

தம்பி, நண்டு இன்னும் கையில் இருக்கா?

கூத்தங்குழி_தம்பி | 21 ஜூன், காலை 11:44

ஐஸ் பொட்டில கெடக்கு. செத்துப் போச்சி.

தேரிமணல் | 21 ஜூன், காலை 11:58

அப்போ இரண்டு படம். ஒன்று மேலிருந்து, கண்காம்பு இரண்டுக்கும் நடுவில். இன்னொன்று மல்லாத்திப் போட்டு வாய்ப்பக்கம். வாயை மூடிக்கொண்டு ஒரு ஜோடி உறுப்பு கால் மாதிரி மடிந்திருக்கும். அதன் அடிப்பகுதி, உடம்போடு சேருகிற இடம், தெரியணும். இடதுகைக் குடும்பத்தில் அந்த இரண்டு அடியும் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கும். பகூரஸ் குடும்பத்தில் நடுவில் நல்ல இடைவெளி விட்டு விலகி இருக்கும். கொடுக்கு போனாலும், நிறம் போனாலும், சாராயத்தில் ஊறினாலும் இது மாறாது. ஆல்காக் காலத்து ஆட்கள் இதைத்தான் பார்த்தார்கள்.

கூத்தங்குழி_தம்பி | 21 ஜூன், மாலை 4:20

ரெண்டு படமும் போட்டிருக்கேன். மல்லாத்திப் போட்டு எடுக்கதுக்குள்ள ஐஸ் உருகிப் போச்சி. படகுல எல்லாவனும் சிரிக்கான்.

தேரிமணல் | 21 ஜூன், மாலை 5:02

அடி இரண்டும் ஒட்டி இருக்கு. கண்ணுக்கு நடுவில் ஊசி இருக்கு. டயோஜெனிஸ், இடதுகைக்காரன்தான், கையை இழந்தவன். இனம் சொல்ல அந்த ஊசியின் ஓரத்தில் பொடி முள் இருக்கா, வழவழப்பா என்று பார்க்கணும். அதற்கு உன் போன் கேமரா காணாது. வாத்தியாரிடம் பள்ளிக்கூட லென்ஸ் இருக்கும், நண்டை உப்புப் போடாமல் சாராயத்தில் போட்டு அவரிடம் கொடு. டாஸ்மாக் சாராயம் வேண்டாம், மருந்துக்கடை ஸ்பிரிட்.

பாளைவாசகி | 21 ஜூன், இரவு 9:30

எங்கள் ஆள் இன்று வெளியே வந்துவிட்டார். கொடுக்கு இப்போது கிட்டத்தட்ட நீலம். வரிசை அங்கேயே இருக்கிறது, பையன் எண்ணிப் பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மணப்பாடு போகிறோம். அதே மரத்தடியா, எங்கே வேண்டுமானாலும் விடலாமா?

தேரிமணல் | 21 ஜூன், இரவு 9:36

உரிச்சு வந்தது ரெண்டு மூணு நாள் போகட்டும், தோல் கெட்டியாகட்டும். ஞாயிறு சரிதான். அதே மரத்தடி, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. பெரிய கூடு ரெண்டு கையோடு கொண்டுபோங்க, உரித்த பிறகு பழசு இறுக்கும். வாய் உடையாத கூடாகப் பார்த்து எடுங்க.